பசுவுக்குப் பெயர் இருந்தது

பாதர் மலாக்கி டெவரூவின் கையெழுத்தை
இருபத்தோரு வருஷம் அச்சுக் கோத்தவன் நான்.
ஈரமணலில் நண்டு ஊர்ந்த தடம் அது.
லண்டனில், பிளீட் தெருவின் பின்சந்தில்,
ஈயத்தூள் மிதக்கும் எங்கள் மாடியில்
என்னைவிட்டால் யாருக்கும் பிடிபடாது.

யூகல் துறைமுகத்து மெழுகுதிரிக் கடைக்காரர் மகன்.
சலமன்காவில் படித்துக் குருப்பட்டம்.
கார்க்கில் ஒரு பங்கு கொடுத்தார்கள்.
உப்பு வியாபாரி ஒருவரின் அடக்கப் பூசையில்
"இவர் பூமிக்கு உப்பாயிருந்தார்,
எடையில் மட்டும் கொஞ்சம் குறைவு" என்றாராம்.
ஆயர் சிரிக்கவில்லை.
விதவை சிரித்துவிட்டாள்.
அதுதான் குற்றமாகிப் போயிற்று.

பங்கு போயிற்று, அங்கி போகவில்லை.
கறுப்புக் கோட்டின் ஒரு பையில் ஜெபப்புத்தகம்,
மறுபையில் புட்டி.
பை மாறிக் கைவிடுவார் என்று கிண்டலடிப்போம்.
ஆனால் மணி ஆறு அடித்தால்
காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய்
உதடு மட்டும் அசைய நின்றிருப்பார்.
நான் மெதடிஸ்ட்.
பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

அவர் வித்தை இதுதான்:
ஐரிஷ் பாட்டொன்றை லத்தீனில் பெயர்ப்பார்.
பெயர்த்துவிட்டு, லத்தீன்தான் மூலம்,
யாரோ துறவி எழுதி எழுநூறு வருஷமாயிற்று,
பாட்டுக்காரன் திருடன் என்று அடிக்குறிப்பு போடுவார்.
ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும்.
ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பேராசிரியர் மட்டும்
அந்தத் துறவியின் கல்லறையைத் தேடி
இத்தாலிக்கு வண்டி ஏறினார்.

பிளாக்வாட்டர் ஆற்றுப் படகோட்டி டொனாக் குல்லினன்
வெள்ளத்தில் போன பசுவை நினைத்துப் பாடியதும்
அப்படித்தான் மாட்டியது.
பசு லத்தீனில் பேரரசி ஆனாள்.
கொம்பு மகுடமாயிற்று.

மார்ச்சில் ஒரு கடிதம்.
மகள் ஊனா சொல்லச் சொல்ல
பள்ளி வாத்தியார் எழுதியது.
"என் அப்பா எதையும் திருடவில்லை.
பூசையில் கேட்டதோடு சரி, அவருக்கு லத்தீன் தெரியாது.
பசு எங்களுடையது.
பெயர் டூவோக். பன்னிரண்டு கன்று ஈன்றது.
சந்தையில் என்னைத் திருடன் மகள் என்கிறார்கள்,
சிரித்துக்கொண்டுதான்."

நின்றபடியே படித்தார்.
"டூவோக் என்றால் குட்டிக் கறுப்பி" என்றார் என்னிடம்,
"லத்தீனில் வராது."
அன்று மணி ஆறு அடித்தது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் எழுதிக் கொண்டுவந்தார்:
லத்தீன் என்னுடையது. துறவி என் கற்பனை.
பாட்டு டொனாக்குடையது.
முதல்முறையாகக் கையெழுத்து தெளிவாக இருந்தது.
ஒரு சிலேடை கிடையாது.
ஆசிரியர் ஸ்டர்ஜஸ் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு
தலைப்பில் அந்தக் குரங்குப் படத்தை வை என்றார்.
நான் வைக்கவில்லை.
அவரே வைத்தார்.
பாவசங்கீர்த்தனம் அந்த மாதம் இரண்டாம் பதிப்பு போயிற்று.
பேராசிரியர் எழுதினார்:
மறுக்கிற நடையே மூலத்தின் தொன்மைக்குச் சான்று.

யூகலுக்கு இரண்டு கினி அனுப்பினார்.
போட்ட முடிச்சு போட்டபடி திரும்பி வந்தது.

அப்புறம் பாரிஸ். ஆறாம் மாடி. இருமல்.
அவஸ்தைபூசுதலுக்கு வந்த இளங்குருவானவர்
ஒரு வேற்றுமை உருபைத் தப்பாய்ச் சொல்ல,
அதைத் திருத்திவிட்டுத்தான் கண்ணை மூடினாராம்.
வீட்டுக்காரி சொல்லி வந்த செய்தி.
நம்புவதா என்று தெரியவில்லை.
அவரைப் பற்றிய எதுவும் அப்படித்தான்.

மொத்தத் தொகுப்பைக் கோக்கும் வேலை எனக்கே வந்தது.
நூற்று நாற்பத்தேழாம் பக்கம்.
மற்றவர்கள் போய்விட்டார்கள், விளக்கில் எண்ணெய் குறைவு.
அடிக்குறிப்பை ஒவ்வோர் எழுத்தாய்ப் பிடுங்கிப்
பெட்டியில் போட்டேன்.
அந்த இடத்தில் கோத்தேன்:
பாட்டு, டொனாக் குல்லினன், படகோட்டி.
பசு, டூவோக்.

பத்திரிகைகள் பாராட்டின:
பாதரின் கடைசி நகைச்சுவை,
ஒரு பசுவுக்கும் நன்றி!

யூகலுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.
தபால் செலவு என் கூலியில்.
அது திரும்பி வரவில்லை.